எந்த ஊரில் எந்தப் புற்றுநோய்? நீங்கள் நேரில் பார்த்தது

சென்னை, புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்த்தவர்:
ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேஸ் ஷீட் புரட்டுவதுதான் என் வேலை. நோயைக் குறித்துக்கொள்வது சுலபம், விலாசம்தான் தலைவலி. ஒரு வருஷமாவது குடியிருந்தால்தான் சென்னைக் கணக்கில் சேர்ப்போம். சிகிச்சைக்கு வந்தவர்களோ சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பெரியவர், "மகன் வீடும்மா, பத்து வருஷமா இங்கதான்" என்றார். கூட இருந்த மருமகள் ரேஷன் கார்டை நீட்டினார், செய்யாறு என்றிருந்தது. "வெளியூர்னா பாக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டாரு" என்று இழுத்தார். அப்படியே ஏற்றியிருந்தால் செய்யாற்று நோய் சென்னையில் ஒன்று கூடியிருக்கும்.

இப்படிச் சலித்த கணக்கில்தான், 1980களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்று இறங்கி, மார்பகப் புற்று மேலே வந்தது தெரிந்தது. டெல்லியில் பித்தப்பைப் புற்று அதிகம், இங்கே குறைவு. இரைப்பைப் புற்று நேர்மாறு.

ஒட்டன்சத்திரம் பக்கம்:
எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000வாக்கில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்சுகளே கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதிக செலவில்லாத வழி. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்று சின்னம்மா கிளம்பவே மாட்டேன் என்றார், அம்மா திட்டித்தான் கூட்டிப்போனார். பரிசோதனை நடக்காத ஊர்களைவிட, நடந்த ஊர்களில் அந்தப் புற்றால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு என்று 2007ல் வெளியானது. அதைக் கணக்கிடவும் இங்கே அம்பிளிக்கையில் இருந்த புற்றுநோய்ப் பதிவேடு வேண்டியிருந்தது, சென்னைக்காரர் சொன்னதுபோல் விலாசம் கேட்டுப் பெரியவர்களைக் குடைந்தது வீண் போகவில்லை!

வங்கி வேலையில் மிசோரம் தலைநகர் ஐசாலில் இருந்தவர்:
அங்கே துய்பூர் என்று புகையிலைத் தண்ணீர் பாட்டிலில் விற்கும். புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் விட்டுத் தயாரிப்பது. ஒரு வாய் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்புவார்கள், பெண்களும்தான். 2020 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையில் ஆண்களின் புற்றுநோய் விகிதத்தில் ஐசால் மாவட்டம்தான் முதலிடம், லட்சத்துக்கு 269.4. சிகரெட் படம் போட்ட போஸ்டரைக் காட்டினால், "நான் சிகரெட் பிடிப்பதில்லையே" என்பார் துய்பூர்க்காரர். அங்கே பேச வேண்டியது பாட்டிலைப் பற்றி.

சென்னை:
அங்கிருந்து வெளிமாநிலத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் நிறையவா? தங்கியிருக்கும் விலாசத்தைக் கொடுத்தால் ஐசால் கணக்கிலும் ஆள் குறையுமே.

ஐசால்:
நிறையப் பேர் போவார்கள். குவாஹாட்டிக்குப் போன சக ஊழியர் லாட்ஜ் விலாசத்தைத்தான் எழுதிக்கொடுத்தார்.