எங்கள் வீட்டுக் குழு: ஆர்க்கிட் வாடுகிறது

நான்: மதினி, கொடைக்கானலில் வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் இலையெல்லாம் துவண்டு கிடக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றத்தான் செய்கிறேன். [படம்]

மதினி: தினமுமா? தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் படம் பிடித்து அனுப்பு.

நான்: [படம்] மல்லிகைக்குப் போடுகிற அதே செம்மண்ணும் தொழுவுரமும்தான் போட்டேன்.

மதினி: மல்லிகை மண்ணில் வேர் விடுகிற செடி. இது காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வாழ்வது. வேருக்குக் காற்று வேண்டும். ஈர மண் இறுகினால் வேர் அழுகும், அப்புறம் தண்ணீரை உறிஞ்ச எதுவும் இருக்காது. அதனால்தான் ஈரத்தில் நிற்கும்போதே இலை வாடுகிறது. வாடியதைப் பார்த்து நீ இன்னும் ஊற்றியிருப்பாய்.

நான்: ஆமாம் மதினி 😢

மதினி: சரி, இப்போதும் காப்பாற்றலாம். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி மட்டும் நின்றால், கத்தரியைத் தீயில் காட்டி, ஆறியதும் அதை வெட்டிவிடு.

நான்: நாலு வேர் தேறும்.

மதினி: நாலு போதும்.

சித்தப்பா: மண்ணுக்குப் பதில் போட வீட்டில் அடுப்புக்கரி இருக்கிறது. ஆகுமா?

மதினி: மரக்கரி என்றால் நல்லது மாமா. அதோடு உடைத்த கூரை ஓடு, தேங்காய் மட்டைத் துண்டு. எல்லாம் கட்டைவிரல் நக அளவு, தூளைச் சலித்துவிட வேண்டும். மட்டையை 2 நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், அதிலுள்ள உப்பு இறங்கட்டும். கரியும் ஓடும் மட்டும் போட்டால் நம் மதுரை வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் நான் மூன்றில் ஒரு பங்கு மட்டை போடுகிறேன்.

அம்மா: போர் தண்ணீர் ஊற்றலாமா?

மதினி: எங்கள் போர் தண்ணீரில் வேர் மேல் வெள்ளையாக உப்புப் படிந்தது அத்தை. மழைத் தண்ணீர்தான் பிடித்து வைக்கிறேன். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் மட்டும் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேரும்.

நான்: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மதினி: நாளை எண்ணாதே, வேரைப் பார். வெள்ளி நிறமானால் ஊற்று, பச்சையாக இருந்தால் பொறு. சித்திரையில் எனக்கு 2, 3 நாளிலேயே காய்ந்துவிடும். ஐப்பசியில் ஒரு வாரம்கூட ஆகும். காலையில் ஊற்று. குருத்தில் தண்ணீர் நின்றால் துணி முனையால் ஒற்றி எடு. அடித்தட்டில் தேங்கவிடாதே.

(மூன்று வாரம் கழித்து)

நான்: [படம்] மதினி, புது வேர்! ஊற்றியதும் கண் முன்னாலேயே வெள்ளி பச்சையானது.

மதினி: அடடா, நுனி எவ்வளவு பளபளப்பு! வேர் மறுபடி வெள்ளியாகிறவரை தண்ணீர்க் குவளையைத் தொடாதே.