பிளிப்: புள்ளியா, முளையா?

> 'பிளிப்' என்பதற்குப் புள்ளி போதும். எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். ரேடார் அனுப்பும் அலை எதிலாவது பட்டு எதிரொலியாகத் திரும்பும்போது திரையில் தெரியும் குறிதான் பிளிப். சுற்றுப்புறத்தை வரைபடம் போலக் காட்டும் வட்டத் திரைக்குப் புள்ளி சரி. ஆனால் நாம் தொகுப்பது இரண்டாம் உலகப்போர்க் கடற்படைச் சொற்கள். அங்கேதான் இடறுகிறது.

1941-இல் கொர்வெட் எனப்படும் சிறிய பிரிட்டிஷ் காவல் கப்பல்களில் பொருத்தத் தொடங்கிய 271 வகை ரேடாரைப் பாருங்கள். சுமார் 10 செ.மீ. அலைநீளம். இரவில் மேலே வந்து சரக்குக் கப்பல்களைத் தாக்கிய ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடுவதுதான் அதன் வேலை. தொடக்கத்தில் திரையில் குறுக்கே ஒரு ஒளிக்கோடு மட்டும் ஓடும். அதன்மேல் ஓயாமல் நடுங்கும் இரைச்சலை மாலுமிகள் 'புல்' என்றே சொன்னார்கள். எதிரொலி வந்தால் புல்லுக்கு மேலே ஒரு கூர் எழும்பும். எழும்பிய இடம் தூரத்தைக் காட்டும். திசை வேண்டுமென்றால், ஆன்டெனாவைக் கையால் திருப்பித் திருப்பி, கூர் எங்கே மிக உயர்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் புள்ளி எங்கே?

அதனால் என் பரிந்துரை: முளை. புல் நடுவே எழுவது முளைதானே! பின்னால் வந்த வட்டத் திரைக்கும் இது பொருந்தும். 'வெள்ளி முளைத்தது' என்கிறோமே. வினைச்சொல்லும் கூடவே கிடைக்கிறது. "வலப்பக்கம் முளைத்திருக்கிறது, நாலாயிரம் கஜம்!" என்று பேச்சுக்குழாயில் கத்தலாம். புள்ளியை வைத்து அப்படி ஒரு வினை செய்ய முடியாது. 'மூளை' என்று அச்சுப்பிழை வரும் என்பது நியாயமான பயம்தான், ஆனால் அதற்காக 'முளைப்பு' என்று நீட்டினால் சொல்லின் வேகம் போய்விடும்.

அப்புறம், கடலலைகளும் எதிரொலிக்கும். ஐல் ஆப் மான் தீவின் டக்ளஸ் நகரில், எச்.எம்.எஸ். வால்கிரி என்று கப்பல் பெயர் சூட்டிய கரைப்பள்ளியில் ரேடார் மாலுமிகளைப் பயிற்றுவித்தார்கள். கருவியைப் பழகியபின்னும், அலைக்கூட்டத்துக்குள் நீர்மூழ்கியின் சின்ன முளையை அடையாளம் காணக் கண் தனியாகப் பழக வேண்டும். அந்தக் கண்ணும் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரேடார் காவலை மனத்தில் வைத்து உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் செய்து 1948-இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடியது.

அலைகளின் அந்த எதிரொலிக்கு, அதாவது 'கிளட்டர்' என்பதற்கு, 'களை' என்று வைக்கலாமா? நாற்றுப் பருவத்தில் நெல்லையும் களையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல் உடனே விளங்கும். வயல்வேலை தெரிந்த உறுப்பினர்கள் இதைப் பற்றி எழுதுங்கள்.