குடியிருப்பவரின் வாடகையே கடனை அடைத்துவிடுமா?

முதல்படி:
ஒரு வீட்டின் விலையில் 20 சதவீதம் சேமிப்பாகக் கையில் இருக்கிறது. மீதி 80 சதவீதத்துக்கு 20 ஆண்டுக் கடன் கிடைக்கும், வட்டி 8 சதவீதம். ஆண்டு வாடகையாக விலையில் 5 சதவீதம் வரும் என்கிறார் தரகர். "குடியிருப்பவரே உங்கள் கடனை அடைத்துவிடுவார், நீங்கள் வேடிக்கை பார்த்தால் போதும்" என்றும் சொல்கிறார். நான் அங்கே குடியேறப் போவதில்லை, முதலீடு மட்டும்தான். இறங்கலாமா?

செங்கல்சாமி:
தயங்காமல் இறங்குங்கள். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 5 ஏறுகிறது. நீங்கள் போட்டதோ 20. இருபதுக்கு 5 என்றால் 25 சதவீத ஆதாயம். நாம் போடும் பணத்தைப்போல் நான்கு மடங்கை வங்கி கொடுப்பது வீட்டுக்குத்தான். சரியான நேரம் வரட்டும் என்று உட்கார்ந்தவர்கள் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
செங்கல்சாமி அவர்களே, வட்டியை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

அதே 100ஐ எடுத்துக்கொள்கிறேன். கடன் 80. ஓராண்டுத் தவணை ஏறக்குறைய 8. முதலாண்டில் அதில் 6.3 வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 1.7 மட்டும். வாடகை 5 என்கிறார் தரகர். அந்த 5 முழுதாகக் கைக்கு வராது. சொத்து வரி, காப்பீடு, பழுதுச் செலவு, வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். தவணை நீங்கலான செலவுகளே வாடகையில் பாதியைத் தின்றுவிடும் என்று அமெரிக்க முதலீட்டாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது சற்றுக் கடுமையாக எனக்கே படுகிறது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் கழிப்போம். மிஞ்சுவது 3.3. கட்ட வேண்டியது 8. ஆண்டுக்கு 4.7 இவருடைய சம்பளத்திலிருந்து போகும். கடனை அடைப்பவர் குடியிருப்பவரா, இவரா?

விலை 5 ஏறியே தீரும் என்று உங்களுக்காக ஒப்புக்கொள்கிறேன். ஏற்றம் 5, கழிந்த அசல் 1.7, கைவிட்டுப் போனது 4.7. நிகரம் 2. இருபதுக்கு 2 என்றால் 10 சதவீதம். பதிவுச் செலவையும் தரகையும் சேர்த்தால் முதலாண்டில் அதுவும் தேறாது.

செங்கல்சாமி:
முதலாண்டை மட்டும் படம் பிடித்துக் காட்டுகிறீர்கள். தவணை ஏறாது, வாடகை ஏறும். ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டினால் பத்தாண்டில் 5 என்பது 8ஐத் தாண்டிவிடும். தொடக்கத்தில் கடிக்கும், பிறகு கனியும். அதைத் தாங்க முடியாதவருக்குச் சொத்து எதற்கு?

கணக்குப்பிள்ளை:
தவணை ஏறாது என்பது வட்டி நிலையாக இருக்கும் கடனுக்கு மட்டும். மாறும் வட்டி என்றால் அந்த உறுதி இல்லை. பத்தாண்டு கழித்து வாடகை 8 ஆனாலும் அதிலும் மூன்றில் ஒரு பங்கு செலவு உண்டு, 5.3தான் நிற்கும்.

விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் எழுதி வைத்த விதி அல்ல. அமெரிக்காவில் 2006இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலைகள் 2012க்குள் நாடளாவிய அளவில் கால் பங்குக்கு மேல் இறங்கின. ஜப்பானில் 1991க்குப் பிறகு நில விலை பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து சரிந்தது. 20 போட்டு வாங்கியவருக்கு விலை 20 சதவீதம் இறங்கினாலே போட்டதெல்லாம் கணக்கில் பூஜ்யம்.

மாடிவீடு:
இரண்டு பேரும் விலையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். பல ஆண்டுகளாக வீடுகளை வாடகைக்கு விட்டு வருகிறேன். விலை இறங்கியதால் மட்டும் யாரும் வீட்டை இழப்பதில்லை. இறங்கிய நேரத்தில் விற்றே ஆக வேண்டிய நிலை வந்தவர்தான் இழக்கிறார். வேலை போகிறது, அதே நேரத்தில் வீடும் காலி, தவணை நிற்கிறது, வங்கி கதவைத் தட்டுகிறது. ஆகவே முதல்படித் தம்பி, உங்கள் 20 முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதாக இருந்தால் வாங்காதீர்கள். ஆறு மாதத் தவணையும் ஒரு பெரிய பழுதுக்கான தொகையும் தனியாக இருக்க வேண்டும்.

வீட்டை மழை பெய்யும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். புதிதாக வண்ணம் பூசிய சுவர் எனக்கு எப்போதும் சந்தேகத்தைத்தான் தரும், ஓதத்தை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. கூரை, குழாய், மின்கம்பி மூன்றையும் உங்கள் சார்பில் ஒருவர் பார்க்கட்டும். தரகர் அழைத்து வரும் ஆள் வேண்டாம்.

செங்கல்சாமி:
மாடிவீடு அம்மா சொன்ன கையிருப்பை ஏற்கிறேன். ஆனால் வாடகையை ஆண்டுதோறும் சந்தை நிலவரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். கொடுக்க மறுப்பவர் காலி செய்யட்டும், அடுத்தவர் வருவார்.

மாடிவீடு:
அடுத்தவர் எப்போது வருவார்? ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போகிறது. 5 சதவீத ஏற்றத்துக்காக நல்ல குடித்தனத்தை அனுப்பிவிட்டீர்கள், ஒரே மாதத்தில் புதியவர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். விட்ட ஒரு மாத வாடகையை அந்த 5 சதவீதத்தில் மீட்க 20 மாதம் ஆகும். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 40. வெள்ளையடிப்பு, தரகு, புதியவர் எப்படிப்பட்டவரோ என்ற கவலை எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. தேதி தவறாமல் கொடுத்து, குழாய் ஒழுகினால் உடனே சொல்லும் ஒருவரிடம் வாடகை சற்றுக் குறைவாக வாங்குவது நட்டமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
இதில் நான் செங்கல்சாமி பக்கம் பாதி சாய்கிறேன். நல்லவர் என்று ஐந்தாண்டு வாடகையைத் தொடாமல் விட்டால், ஒருநாள் மொத்தமாகக் கால் பங்கு ஏற்றுவதற்கு வாய் வராது. கேட்டால் அவருக்கும் இடியாக இருக்கும். ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், சந்தையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கும் இடங்களும் உண்டு, அதையும் பாருங்கள்.

மாடிவீடு:
எழுதி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

முதல்படி:
குடிவருபவர் நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் உறவினர் ஒருவர் இப்போதே கேட்கிறார்.

செங்கல்சாமி:
உறவினர் என்றால் கவலையே இல்லை. தெரிந்த மனிதர்.

மாடிவீடு:
தெரிந்த மனிதர் இரண்டு மாதம் பாக்கி வைத்தால் கேட்பீர்களா? காலி செய்யச் சொல்வீர்களா? சொன்ன பிறகு குடும்ப விசேஷங்களில் யார் முகத்தில் விழிப்பீர்கள்? கொடுப்பதானால் அந்நியருக்குப் போடும் அதே ஒப்பந்தத்தைப் போடுங்கள்.

மற்றவர்களைப் பொறுத்தவரை, வாடகையைப்போல் மூன்று மடங்கு வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பது பலர் பின்பற்றும் அளவு. அதைவிட முக்கியம், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் விசாரிப்பது. இப்போது இருக்கும் வீட்டுக்காரரின் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தொல்லை தொலைந்தால் போதும் என்று நினைப்பவர் வாய் நிறையப் புகழ்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் இருவரும் சேர்ந்து பார்த்துப் படம் எடுங்கள், மீட்டர் அளவைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் தகராறில் பெரும்பகுதி அதோடு ஒழியும்.

முதல்படி:
ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த வீட்டில் இப்போதே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அவர்களோடு சேர்த்தே விற்கிறார்கள். முதல் நாளிலிருந்தே வாடகை வரும் என்பதால் நல்லதுதானே?

செங்கல்சாமி:
இதைவிட வசதி வேறென்ன? பூட்டிக் கிடக்கும் என்ற பயமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அவர்கள் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று யார் சொன்னது? தரகர்தானே? ஒப்பந்தத்தின் நகலையும் கடந்த ஓராண்டு வாடகை வரவையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த 5 சதவீதமே கற்பனை என்று வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.

மாடிவீடு:
குடியிருப்பவரை நேரில் பார்த்துப் பேசுங்கள், விற்பவர் பக்கத்தில் இல்லாதபோது. வீட்டில் எது ஒழுகுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அட்வான்ஸ் எவ்வளவு என்றும் அவர்களிடமே கேளுங்கள். அந்தப் பணம் இப்போது விற்பவர் கையில் இருக்கும். அவர்கள் காலி செய்யும் நாளில் திருப்பித் தரச்சொல்லி உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். ஆகவே விலையில் அதைக் கழித்துக்கொண்டு, கழித்ததாகப் பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள்.