பைட்டு வரிசைக்குக் கலைச்சொல்: பெருமுனையா, உயர்முன்னா?

வணக்கம்.

இடஞ்சார் தரவுத்தள நிரலகங்களின் ஆவணங்களைத் தமிழாக்கும்போது பல பைட்டுகள் கொண்ட எண்ணில் எந்தப் பைட்டு முதலில் வரும் என்பதைக் குறிக்கும் பிக் எண்டியன் (மதிப்பில் உயர்ந்தது முதலில்), லிட்டில் எண்டியன் (தாழ்ந்தது முதலில்) என்னும் இணைக்குப் 'பெருமுனை', 'சிறுமுனை' எனக் கொள்ளலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். அவை மூலச்சொல்லோடு ஒட்டிப் போகின்றன. ஆனால் எந்தப் பைட்டு முதலில் வரும் என்பதைப் படிப்பவருக்குச் சொல்வதில்லை. ஆங்கிலச் சொல்லும் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையில், முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று சண்டையிடும் மக்களிடமிருந்து கணினி அறிஞர் டேனி கோஹன் 1980-இல் எடுத்தாண்ட கேலிப்பெயர் அது. அந்தக் கேலியை நாமும் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சொல் எங்கே பயன்படப்போகிறது என்று பார்ப்போம். இடத் தகவல்களைக் கையாளும் தரவுத்தள நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் தரும் விரிவுபடுத்திய இரும வடிவில் ஒரு புள்ளி, 1 என்ற பைட்டுடன் தொடங்குகிறது என்று கொள்வோம். அடுத்து 1, 0, 0, 32 என நான்கு பைட்டுகளும், அதன்பின் 230, 16, 0, 0 என நான்கு பைட்டுகளும் வருகின்றன. முதல் பைட்டு வரிசையைக் குறிக்கிறது: 0 என்றால் மதிப்பில் உயர்ந்த பைட்டு முன்னே, 1 என்றால் தாழ்ந்த பைட்டு முன்னே. அடுத்த நான்கில் வடிவத்தின் வகையும், ஆள்கூற்று முறையின் எண் தொடர்ந்து வருகிறது என்னும் அறிவிப்பும் அடங்கியுள்ளன. கடைசி நான்கைத் தாழ்ந்ததிலிருந்து கூட்டினால் 16 × 256 + 230, அதாவது அகலாங்கு, நெட்டாங்கு ஆள்கூற்று முறையைக் குறிக்கும், நாம் நன்கறிந்த 4326. அதே நான்கை உயர்ந்ததிலிருந்து கூட்டினால் 3,85,98,08,256 கிடைக்கும். ஜாவாவின் குறியுடைய முழுஎண்ணில் அது எதிர்ம எண்ணாகவே தெரியும். (ஜாவாவில் பைட்டும் குறியுடையதுதான், 230-ஐ −26 எனக் காட்டும். எனவே கூட்டும் முன் 255-உடன் 'உம்மை'ச் (ஆண்ட்) செயலி இட்டு மறைக்க வேண்டும்.) வகை எண்ணைத் தலைகீழாகப் படித்தால் நிரல் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். ஆள்கூறுகளைத் தாங்கும் எட்டுப் பைட்டு மிதவை (தசமப் புள்ளி) எண்களை அப்படிப் படித்தால் எந்தப் பிழையும் எழாமல், பொருளற்ற ஓர் எண் அமைதியாக உள்ளே போய்விடும். ஆகவே இங்கே சொல் தெளிவாக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று.

பள்ளிக் கணக்கில் 'இட மதிப்பு' என்ற வழக்கு ஏற்கெனவே உள்ளது. அதில் உயர்ந்த இடம், தாழ்ந்த இடம் என்ற எண்ணமும் உள்ளது. அதனால் 'உயர்முன் வரிசை', 'தாழ்முன் வரிசை' என்று நான் முன்வைக்கிறேன். நாம் எண்ணை வாயால் சொல்வதும் உயர்முன் வரிசையில்தான்: நாலாயிரத்து முந்நூற்று இருபத்தாறு.

'பெருமுதல்', 'சிறுமுதல்' என்ற யோசனையும் வந்துள்ளது. பொருள் சரிதான், ஆனால் 'பெருமுதல்' என்றவுடன் முதலாளிதான் நினைவுக்கு வருகிறார். 'தலைமுதல், கடைமுதல்' என்பதில் மரபின் மணம் இருந்தாலும், 'கடை' என்பது தாழ்ந்தது, இறுதி ஆகிய இரண்டையும் குறிப்பதால் பழைய குழப்பமே திரும்பி வருகிறது.

'முன்' என்பது நினைவகத்தில் சிறிய முகவரியையா, கம்பியில் முதலில் செல்வதையா குறிக்கும் என்ற ஐயம் நியாயமானது. பைட்டு அணியைப் படிக்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே. சுட்டெண் சிறியதாக இருப்பதே முன். எனினும் வரையறையில் இதை ஒரு வரியாகச் சேர்ப்பது நல்லது. உயர்முன், தாழ்முன் வரிசைகளை முறையே குறிக்கும் எக்ஸ்டிஆர், என்டிஆர் என்ற குறுக்கங்கள் நிரலில் மாறிலிப் பெயர்களாக வருவதால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

பழைய பிடிபி-11 கணினியில் 32 பிட்டு எண்ணின் உயர்ந்த பாதி முன்னே வரும், ஆனால் ஒவ்வொரு பாதிக்குள்ளும் தாழ்ந்த பைட்டு முன்னே வரும். என் முன்மொழிவில் இதற்குக் 'கலப்பு வரிசை' என்பது போதும். 'முனை'யைத் தேர்ந்தால் 'நடுமுனை' என்று எழுத நேரும்.