கிராப் பங்கு வாங்கலாமா? மலையில் இருப்பவர்களின் அனுபவங்கள்

குன்னூர் பேக்கரிக்காரர்:

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் மச்சினன் போன் பேசும்போதெல்லாம், “மாமா, கிராப் பங்கு கொஞ்சம் வாங்கிப் போடுங்க” என்கிறான். அங்கே கார் கூப்பிடுவது, சாப்பாடு வரவழைப்பது, கடையில் காசு கொடுப்பது எல்லாம் கிராப் என்ற அந்த ஒரே செயலியில்தான். நான் போயிருந்தபோது நேரிலேயே பார்த்தேன், அவன் சொல்வதில் மிகை இல்லை. ஆனால் ஊரே ஒரு செயலியைப் பயன்படுத்துவது வேறு, அந்தக் கம்பெனி பங்குதாரருக்குச் சம்பாதித்துக் கொடுப்பது வேறு. இது எனக்குப் புரிந்தது எங்கள் கடை வாசலில்.

வர்க்கி, பிஸ்கட், கேக் போடும் சின்ன பேக்கரி எங்களுடையது. ஒரு உணவு டெலிவரி செயலியில் கடையைச் சேர்த்திருக்கிறோம். மத்தியானத்துக்கு மேல் டெலிவரி தம்பிகள் திண்ணையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை பிடித்தால் ஆர்டர் விழும். பார்சலை எடுத்துக்கொண்டு ஒரு தம்பி எஸ்டேட் லைன் பக்கம் ஏறுவான். மேப்பில் பார்த்தால் பக்கம்தான், வண்டியிலோ வளைவுக்கு வளைவு முதல் கியர். இறங்கும்போது பை காலி. ஜெர்கின் சொட்டச் சொட்ட வந்து நின்று, போனை உள்சட்டையில் துடைத்துவிட்டு, அடுத்தது ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பான். ஏறி இறங்கிய பெட்ரோல், நேரம் எல்லாம் அந்த ஒரு ஆர்டர் தலையிலேயே விழுகிறது. சாப்பிடுகிறவர், கடைக்காரர், தம்பி, கம்பெனி, இந்த நால்வரில் யாராவது அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். முதலில் கூப்பன் கூப்பனாகக் கொடுத்துக் கம்பெனி தாங்கியது. அப்புறம் கூப்பன் குறைந்தது, எங்களிடம் பிடிக்கும் கமிஷன் ஏறியது, தம்பிகளின் ஊக்கத்தொகை இறங்கியது. கம்பெனி லாபத்துக்குத் திரும்பும்போது அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்காமல் இந்தத் துறைப் பங்கு எதையும் நான் தொடுவதில்லை.

கிராப்பின் பலம் எங்கள் மலைக்கு நேர்மாறான ஊர்களில் இருக்கிறது. ஜகார்த்தா, மணிலா, பாங்காக் மாதிரி நெரிசலான நகரங்களில் காலையில் ஆளை ஏற்றிய அதே பைக் மதியம் சாப்பாடு கொண்டுபோகலாம், சாயங்காலம் பார்சல் எடுக்கலாம். வண்டி சும்மா நிற்கும் நேரம் குறைகிறது. ஒரு சேவைக்காகச் செலவு செய்து பிடித்த வாடிக்கையாளருக்கு இன்னொன்றையும் விற்க முடிகிறது. பல சேவைகளை ஒரே செயலியில் வைப்பதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுதான் என்பது என் கருத்து.

2012ல் மலேசியாவில் மைடெக்ஸி என்ற பெயரில் ஆந்தனி டானும் டான் ஹூய் லிங்கும் ஆரம்பித்த கம்பெனி இது. இப்போது தலைமையகம் சிங்கப்பூரில், தொழில் தென்கிழக்கு ஆசியாவின் எட்டு நாடுகளில். 2018ல் ஊபர் தன் தென்கிழக்கு ஆசியத் தொழிலை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டு 27.5 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. 2021 டிசம்பரில் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்போடு அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தார்கள். முதல் நாளே 20 சதவீதத்துக்கு மேல் சரிந்து 8.75 டாலரில் முடிந்தது. அடுத்த வருஷம் 3 டாலருக்கும் கீழே போனது. அப்போதும் செயலியை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. 2022ல் 174 கோடி டாலர் நஷ்டம், 2023ல் 48.5 கோடி, 2024ல் 15.8 கோடி. 2024 வருமானம் சுமார் 280 கோடி டாலர். 2023 கடைசிக் காலாண்டில்தான் முதல்முறையாக லாபம் காட்டினார்கள், 1.1 கோடி டாலர். கையில் ரொக்கமும் நிறைய இருக்கிறது. 2024ல் 50 கோடி டாலர் வரை சொந்தப் பங்கையே திரும்ப வாங்குவதாக அறிவித்தார்கள்.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர்கள் பெரிதாகக் காட்டும் ‘சரிக்கட்டிய லாபம்’ இருக்கிறதே, அதில் ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளத்தைக் கழிப்பதில்லை. புதிதாகப் பங்கு அச்சடித்துக் கொடுத்தால் கம்பெனியில் நமக்கு உள்ள உரிமையின் விகிதம் சுருங்கும். அதனால் கடைசி வரியில் உள்ள நிகர லாபத்தையும் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். வாடிக்கையாளருக்கும் ஓட்டுநருக்கும் கொடுத்த ஊக்கத்தொகை எவ்வளவு என்றும் அறிக்கையில் போடுகிறார்கள். அதைக் குறைத்த பிறகும் ஆர்டர் வளர்கிறதா என்று நான் பார்ப்பேன். மற்றவர்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

கொடைக்கானல், மூஞ்சிக்கல்:

நான் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். அண்ணன் கடைக்காரர் பக்கம் சொன்னார், நான் ஓட்டுநர் பக்கம் சொல்கிறேன்.

மதுரையில் இருந்து செயலியில் ஒருவழி டிராப் போட்டு ஒரு குடும்பம் வந்தது. பெருமாள்மலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “சார், ரிட்டர்ன் வாடகை போட்டுக் கொடுங்க, இல்லேன்னா டீசலுக்கே கட்டாது” என்று டிரைவர் நின்றுவிட்டார். செயலி காட்டியதை மட்டும்தான் தருவேன் என்று குடும்பத்துக்காரர். பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுத்து வாடிக் கிடக்கிறது. எனக்கு இரண்டு பேர் மேலும் வருத்தம்தான். மலையில் இருந்து இறங்கும்போது சவாரி கிடைக்காது என்பது அந்த வாடகைக் கணக்கில் சேரவே இல்லை. 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய அனுமதி, வந்த பிறகு, அதை எடுக்காமல் ஏறி வந்து செக்போஸ்டில் முழிக்கிற வெளியூர் டிரைவர்களையும் பார்க்கிறேன்.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகாத கணக்கு ரொம்ப நாள் ஓடாது, ஒருநாள் அரசாங்கம் உள்ளே வரும். இந்தோனேசியாவில் கமிஷன் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2025 மே மாதம் அங்கே ஓட்டுநர்கள் தெருவில் இறங்கி 10 சதவீதமாகக் குறைக்கக் கேட்டார்கள். சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் இந்தத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது. விபத்து இழப்பீடும் சேமநிதியும் அதில் உண்டு. ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இது மனநிறைவு. பங்கு வாங்க நினைக்கிறவர்கள் இதைச் செலவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். கமிஷன் பாதியானால் லாபம் என்ன ஆகும் என்று முதலில் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

கூடலூர்:

எனக்கு அனுபவம் உள்ளூர்ப் பங்கில். சொமேட்டோ 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு வெளியானபோது எனக்கும் ஒதுக்கீடு கிடைத்தது. முதல் நாளே நூறைத் தாண்டியது. 2022ல் 50 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது வீட்டில் தினமும் பேச்சு. விற்கவில்லை. 2023 ஜூன் காலாண்டில் முதல்முறையாக 2 கோடி ரூபாய் லாபம் வந்தது, அப்புறம் விலையும் திரும்பியது. இந்த மாதிரிக் கம்பெனியில் நஷ்டம் லாபமாகத் திரும்பும் அந்த நாலைந்து காலாண்டுகள்தான் முக்கியம். கிராப் இப்போது அந்த இடத்தில் நிற்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது.

ஆனால் கிராப் வாங்குவது சொமேட்டோ வாங்குவது மாதிரி இல்லை. கம்பெனி இந்தோனேசிய ரூபியாவிலும் மலேசிய ரிங்கிட்டிலும் பிலிப்பைன்ஸ் பெசோவிலும் சம்பாதிக்கிறது, பங்கு விலை டாலரில் ஓடுகிறது, நமக்கு வேண்டியது ரூபாய். இடையில் எந்த நாணயம் ஆடினாலும் நம் கணக்கு மாறும். பணம் அனுப்ப ரிசர்வ் வங்கித் திட்டப்படி ஒருவருக்கு வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும், ரிட்டர்ன் போடும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். சின்னத் தொகை அனுப்புகிறவர்களுக்கு வங்கிக் கட்டணமும் மாற்று விகிதமுமே பாரமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பாமல் சேர்த்து அனுப்புவது நல்லது.

இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் நீண்டகால ஆதாயம், வரி 12.5 சதவீதம். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும், எளிய முதல் படிவம் (ஐடிஆர்-1) இதற்கு ஆகாது. அந்தப் பட்டியல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. தணிக்கையாளரிடம் போகும்போது மார்ச் வரைக்குமான ஸ்டேட்மென்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், காலண்டர் வருஷத்துக்குத் தனியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.