முதல் புரோகிராமிங் மொழி எது? பைதான், சி, ஜாவாஸ்கிரிப்ட்: எங்கே இடறும், எப்படித் தாண்டுவது

எந்த மொழி பெரியது என்ற சண்டை வேண்டாம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குக் காத்திருப்பவர்கள், வேறு துறையிலிருந்து வர நினைப்பவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள். ஆரம்பத்தில் எது தடுக்கும், ஏன் தடுக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த பதில்கள் கீழே.

*

தமிழ்நாட்டு மாணவர் என்றால் பாடத்திட்டமே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணினி அறிவியலுக்கு சி++, பிளஸ் டூவுக்கு பைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) இரண்டிலுமே முதல் செமஸ்டரில் பைதான் வந்தது. சி அதற்குப் பிறகுதான். அதனால் விடுமுறையில் தொடங்குவதென்றால் பைதான்.

இன்ஸ்டால் செய்யும்போதே பலர் மாட்டிக்கொள்வார்கள். விண்டோஸில் இன்ஸ்டாலரின் முதல் திரையில் கீழே 'பாத்'தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லும் சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாமல் போனால், கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டும் கருப்புத் திரை) பைதான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். அழித்துவிட்டு மறுபடி போடத் தேவையில்லை. அதே இன்ஸ்டாலரை ஓட்டி, 'மாடிஃபை' கொடுத்து, அடுத்தடுத்த திரையில் அந்தப் பெட்டியை டிக் செய்தால் போதும். பழைய விண்டோஸ் 7 கணினி என்றால் 3.8-க்கு மேல் எந்தப் பதிப்பும் ஏறாது. தொடக்கப் பாடங்களுக்கு 3.8 தாராளம். திரையில் காட்டச் சொல்லும் 'பிரிண்ட்'டுக்கு அடைப்புக்குறி போடாத பாடம் எங்காவது கண்ணில் பட்டால் அது பைதான் 2. 2020 தொடக்கத்தோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, மூடிவிடுங்கள்.

அடுத்தது 'இன்புட்', தட்டச்சு செய்வதை வாங்கும் கட்டளை. அது எதை வாங்கினாலும், எண்ணையே கொடுத்தாலும், எழுத்துச்சரமாகத்தான் (எழுத்துகளின் வரிசை) தரும். 5, 7 கொடுத்துக் கூட்டினால் 12 வராது, 57 வரும். எரர் காட்டாமல் தப்பான விடை வருவதுதான் இதில் மோசம். வாங்கிய கையோடு 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, பயிற்சிக் கோப்புக்கு ரேண்டம், டர்டில் என்று பெயர் வைக்காதீர்கள். அதே பெயரில் பைதானோடு வரும் மாட்யூலை (தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்பு) அழைக்கும்போது, பைதான் முதலில் உங்கள் கோப்பைத்தான் எடுக்கும். "அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை" என்று சொல்லும். நிரலில் தப்பு தேடித் தேடி ஒரு மாலை போய்விடும்.

*

பைதானை மறுக்கவில்லை. ஆனால் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கும், நினைவகத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் சி-யில் தொடங்குவது நஷ்டமில்லை. ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்: ஃபாக்டோரியல், அதாவது 1-லிருந்து அந்த எண்வரை எல்லாவற்றையும் பெருக்குவது.

பல கல்லூரி ஆய்வகங்களில் இன்னமும் டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) டர்போ சி என்ற பழைய கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றுவது) ஓடுகிறது. அதில் முழு எண்ணுக்கான 'இன்ட்' 16 பிட். 32767 வரைதான் பிடிக்கும். 7 ஃபாக்டோரியல் 5040, சரியாக வரும். 8 ஃபாக்டோரியல் 40320 வர வேண்டும். திரையில் -25216 வரும். அதே நிரலை இன்றைய கம்பைலரான ஜிசிசி-யில் ஓட்டினால் 12 வரை சரி. 13-க்கு 6227020800 வர வேண்டிய இடத்தில் 1932053504 என்று ஒரு எண் வந்து நிற்கும். மைனஸ் வந்தாலாவது சந்தேகம் வரும். இது பார்க்க ஒழுங்கான விடை மாதிரியே இருக்கும். பைதான் 100 ஃபாக்டோரியலைக்கூட முழுசாகச் சொல்லும். பைதானில் மட்டும் பழகியவருக்கு எண்ணுக்கும் இடக் கணக்கு உண்டு என்பது வெகு நாள் தெரியாமலே போகலாம்.

சி-யில் தொடங்குகிறவர் டர்போவை விட்டுவிட்டு ஜிசிசி எடுங்கள். ஆய்வகத்து நிரலை லினக்ஸில் அப்படியே ஒட்டினால் 'கோனியோ' ஹெடர் (டர்போ சி-யோடு வரும் துணைக்கோப்பு) இல்லை என்று நிற்கும். அந்த வரியையும் 'கிளியர் ஸ்கிரீன்', 'கெட்ச்' வரிகளையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஓடும். கம்பைல் செய்யும்போது '-வால்' (-Wall) என்ற எச்சரிக்கை ஆப்ஷனைச் சேர்த்தே பழகுங்கள். மதிப்பு வாங்கும் 'ஸ்கேன்எஃப்'பில் & குறியை மறப்பது, 'இஃப்'புக்குள் == போட வேண்டிய இடத்தில் = போடுவது, இரண்டையும் அது காட்டிக்கொடுக்கும். டர்போ சி ஓடும் டாஸில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது, அதனால் & இல்லாத நிரலும் சில நேரம் ஓடித் தொலைக்கும்.

எண்ணை வாங்கியபின் ஓர் எழுத்தை வாங்கப் போனால், கேட்காமலே தாண்டிப் போகும். நீங்கள் முன்பு தட்டிய என்டர்தான் அந்த எழுத்தாக உள்ளே போகிறது. எழுத்தை வாங்கும் %c-க்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்தது.

*

வெப்சைட் மட்டும்தான் செய்யப் போகிறேன் என்பவருக்கு ஜாவாஸ்கிரிப்ட். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். குரோமில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் எழுதலாம். தொல்லை என்னவென்றால் இது ரொம்பவும் விட்டுக்கொடுத்துப் போகும். "5" + 3 என்றால் "53", "5" - 3 என்றால் 2. ஒப்பிடும்போதும் இப்படி விட்டுக்கொடுக்காமல் இருக்க எப்போதும் === போடுங்கள். 0.1 + 0.2 கொடுத்து 0.30000000000000004 வந்தால் மொழியைத் திட்டாதீர்கள். பைதானிலும் அதே விடைதான். பணக் கணக்கைக் காசில், முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

*

எந்த மொழி எடுத்தாலும் ஒரு பயிற்சி போடுங்கள்: இரண்டு மாத ஈ.பி. பில். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம் (கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும்). ஏறக்குறைய எல்லோரும் முதலில் எழுதுவது, 100-க்கு மேல் போனால் மொத்த யூனிட்டையும் 4.50-ஆல் பெருக்குவதுதான். அப்போது 100 யூனிட்டுக்கு 0 ரூபாய், 101 யூனிட்டுக்கு 454 ரூபாய் 50 காசு! வர வேண்டியது வெறும் 4 ரூபாய் 50 காசு. 250 யூனிட் போட்டுப் பார்த்தால் தப்பு கண்ணில் படாது. 0, 100, 101, 400 என்று ஓரங்களைப் போட்டுப் பாருங்கள். -5 கொடுத்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். இதை எழுதி முடிக்கும்வரை இரண்டாவது மொழிப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

*

ஆங்கிலம் தடையாக இருக்கும் பிள்ளைகளுக்கு 'எழில்' என்ற புரோகிராமிங் மொழி இருக்கிறது. கட்டளைகளே தமிழில்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுதேர்வு"
முடி

நிபந்தனை, லூப் (திரும்பத் திரும்பச் செய்வது) இரண்டும் பிடிபடும்வரை இது போதும். வேலைக்கு இதை நம்ப முடியாது, ஆகவே சீக்கிரம் பைதானுக்கு மாறிவிடுங்கள். பைதான் 3-லும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம்; விலை = 40 என்று எழுதினால் ஓடும்.

தமிழ் எழுத்தோடு வேலை செய்யப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைதான் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. சி-யில் கேட்டால் 15. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் அந்தரத்தில் நிற்கும், பின்னால் 'ழிமத' என்று வரும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க 'ஓப்பன்-தமிழ்' லைப்ரரி உண்டு. அதில் சரியாக 3 கிடைக்கும்.

*

லேப்டாப் இல்லாமல் போன் மட்டும் வைத்திருப்பவர்கள்: ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு 3 என்ற செயலியைப் போட்டால் நெட் இல்லாமலே பைதான் ஓடும். முதலில் கீபோர்டு செட்டிங்கில் வரியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பெரிய பி-யில் தொடங்கும் 'பிரிண்ட்'டைப் பைதானுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பிலோ பிடிஎஃப்பிலோ வந்த நிரலை ஒட்டினால் நேர் மேற்கோள்குறி சில சமயம் வளைந்த குறியாகியிருக்கும், வரி முன்னால் இருந்த இடைவெளியும் போயிருக்கும். குறியை அழித்துக் கையால் அடியுங்கள், உள்தள்ளலுக்கு 4 இடைவெளி விடுங்கள். அடுத்தவருக்கு அனுப்பும்போது செய்தியாக ஒட்டாமல் கோப்பாகவே அனுப்பினால் இரண்டு தொல்லையும் இல்லை.