5,500 பவுண்டு டிரெய்லருக்கு டக்கோமா போதுமா, எஃப்-150 வேணுமா?

கேட்டிக்காரர்

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். டிரக் வாங்குவது முடிவாகிவிட்டது. மிட்சைஸா (நடுத்தர அளவு) ஃபுல்சைஸா (முழு அளவு) என்பதில்தான் வீட்டில் பேச்சு ஓயவில்லை. பட்டியலில் இருப்பவை இரண்டு, இரண்டுமே 2024 மாடல், நாலு வீல் டிரைவ்: டொயோட்டா டக்கோமா டபுள் கேப் (டிஆர்டி ஆஃப்ரோடு வகை, பின்னால் சாமான் ஏற்றும் பெட் 5 அடி), ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ (எக்ஸ்எல்டி வகை, 2.7 லிட்டர் டர்போ எஞ்சின், 5.5 அடி பெட்).

நாங்கள் நாலு பேர், பிள்ளைகளுக்கு 12, 8 வயது. கோடையில் மதுரையிலிருந்து அம்மா வந்தால் ஐந்து. தினம் ஆபீசுக்குப் போய்வர 30 மைல். கூடவே ஒரு டிராவல் டிரெய்லர் பார்த்து வைத்திருக்கிறோம்: நீளம் 24 அடி, ட்ரை வெயிட் (சாமான் ஏற்றாத எடை) 4,300 பவுண்டு, ஜிவிடபிள்யூஆர் (எல்லாம் ஏற்றிய பின் தாண்டக்கூடாத மொத்த எடை) 5,500. வருஷத்துக்கு நாலைந்து தடவை இழுப்போம், ஒரு தடவையாவது கொலராடோ வரை. டக்கோமா ஆறாயிரத்துக்கு மேல் இழுக்கும் என்று டீலர் உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால் பெரிய வண்டி எதற்கு? கராஜ் உள் ஆழம் 20 அடி, கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம்.

சுமைக்கணக்கு

டீலர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. இழுக்கும் திறனுக்குக் கொடுக்கும் எண் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 சோதனை முறைப்படி வருவது. அதில் வண்டிக்குள் ஓட்டுநர், ஒரு பயணி, ஆளுக்கு 150 பவுண்டு என்றுதான் கணக்கு. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, பெட்டில் விறகும் சைக்கிளும் இல்லை. குடும்பத்தோடு போகும் வண்டியில் இழுவைத் திறனுக்கு ரொம்ப முன்னாலேயே தீர்ந்துபோவது பேலோட், அதாவது டிரக்கின் மேலேயே ஏற்றக்கூடிய எடை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் டயர் அழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் ஒரு எண் போட்டிருப்பார்கள். அது அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரிய எண். பிரசுரத்தில் இருக்கும் அதிகபட்ச பேலோட் பெரும்பாலும் ஆப்ஷன்கள் குறைந்த அடிப்படை வண்டிக்கானது, அதை நம்பி வாங்காதீர்கள். சன்ரூஃப், நாலு வீல் டிரைவ், பவர் சீட், ஹைப்ரிட் பேட்டரி எல்லாம் சேரச்சேர இந்த எண் இறங்கும். ஒரே லாட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எஃப்-150க்கு இடையே நானூறு பவுண்டு வித்தியாசம் வருவது சாதாரணம்.

இனி டங் வெயிட். டிரெய்லரின் மூக்கு உங்கள் ஹிட்ச்சை (டிரக்கின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் இணைப்பு) அழுத்தும் எடை அது. டிராவல் டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும், 13 என்று வைத்துக்கொள்வது நல்லது. கணக்கை ட்ரை வெயிட்டில் போடாதீர்கள். தண்ணீர், பாத்திரம், படுக்கை, கேஸ் என்று ஏற்றி முடிக்கும்போது எல்லோருக்கும் ஜிவிடபிள்யூஆர் பக்கத்தில்தான் வந்து நிற்கும். 5,500இல் 13 சதவீதம் 715 பவுண்டு. பிரசுரத்தில் போட்டிருக்கும் ஹிட்ச் வெயிட் இதைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பாலும் பேட்டரியும் கேஸும் சேராது. நிரம்பிய 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 37 பவுண்டு. இரண்டு சிலிண்டரும் ஒரு பேட்டரியும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அங்கேயே 120 ஆகிவிட்டது.

உங்களுக்கு உத்தேசமாகப் போட்டுப் பார்ப்போம். நாலு பேர் 475, டங் வெயிட் 715, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (மூக்கின் எடையை முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் பகிர்ந்துவிடும் ஹிட்ச்) 90, பெட்டில் மூடி, கூலர், விறகு, சைக்கிள் எல்லாம் 280. மொத்தம் 1,560. அம்மா வந்தால் 1,690. டிஆர்டி ஆஃப்ரோடு டபுள் கேப்பில் ஸ்டிக்கர் எண் வழக்கமாக 1,100க்கும் 1,300க்கும் இடையில்தான். இரண்டு டீலரிடமும் போய் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வந்து இங்கே போடுங்கள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பின் ஸ்பிரிங்குக்கு ஏர் பேக் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். வண்டி பின்னால் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், பிரேக், டயர், ஃபிரேம் எதன் திறனும் அதனால் அதிகரிக்காது, ஸ்டிக்கர் எண்ணும் மாறாது.

ரவுண்ட்ராக்

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனா ஒரு பக்கத்தை விட்டுட்டாரு. வருஷத்துல நாலைந்து தடவைதான் டிரெய்லர், மீதி நாளெல்லாம் ஆபீஸ், காஸ்ட்கோ, பார்க்கிங். டிரெய்லர் இன்னும் வாங்கலைதானே? அப்ப டிரெய்லரையும் சேர்த்தே யோசிங்க. ஜிவிடபிள்யூஆர் 3,500 உள்ள சின்ன சிங்கிள் ஆக்சில் டிரெய்லர்னா டங் வெயிட் 455. உங்க நாலு பேரோட 475 சேர்த்தா 930. ஸ்டிக்கர் 1,150 இருக்குற டக்கோமாவுக்குக்கூட இன்னும் 220 மிச்சம் இருக்கு. ஐந்தாவது ஆள் வர்றப்பதான் இறுக்கம்.

மிட்சைஸ்தான்னு மனசு போனா டக்கோமாவோட நிக்காதீங்க. ஃபோர்டு ரேஞ்சரையும் ஷெவி கொலராடோவையும் பாருங்க. டிரெய்லர் திறன் ரெண்டுலயும் டக்கோமாவைவிட அதிகம் (7,500, 7,700), பேலோட் ஸ்டிக்கர் எண்ணும் பெரும்பாலும் அதிகமாவே இருக்கும். ஹோண்டா ரிட்ஜ்லைன் 5,000தான் இழுக்கும், ஆனா பேலோட் 1,500 பக்கம் வரும். பிளைவுட் வாங்குற பழக்கம் இருந்தா இதையும் கவனிங்க: 4 அடி ஷீட் பெட்ல படுக்கையா உட்கார, ரெண்டு வீல்வெல்லுக்கும் (பெட்டுக்குள்ள புடைச்சிருக்குற சக்கர மேடு) நடுவுல 48 அங்குலம் வேணும். எஃப்-150ல 50.6, ரிட்ஜ்லைன்ல 50, 2024 ரேஞ்சர்ல 48.2. டக்கோமாலயும் கொலராடோலயும் 48 கிடையாது, ஷீட் வீல்வெல் மேல ஏறித்தான் உட்காரும்.

கராஜ் விஷயத்துக்கு வாங்க. 20 அடின்னா 240 அங்குலம். அந்த எஃப்-150 நீளம் ஏறக்குறைய 232. முன்னும் பின்னும் சேர்த்து மிச்சம் 8 அங்குலம், சுவர் ஓரமா ஒரு அலமாரியோ வாட்டர் ஹீட்டரோ இருந்தா கதவு மூடாது. ஹிட்ச் பால்மவுண்ட்டை (டிரெய்லரைக் கோக்குற குண்டு இருக்குற இரும்பு) கழட்டாம உள்ளே விடவும் முடியாது. டக்கோமா 213, தாராளமா நிக்கும். உங்க கதவு 16 அடிங்கறதால அகலத்துக்குப் பிரச்சினை இல்ல. 8 அடி ஒத்தைக் கதவா இருந்தா எஃப்-150க்குக் கண்ணாடியை மடக்கணும், கண்ணாடியோட சேர்த்து வண்டி கிட்டத்தட்ட 96 அங்குலம். டேப்பை எடுத்து உள்பக்கம் அளந்துட்டுப் போங்க, பில்டர் குடுத்த பிளான்ல இருக்குற 20 அடியை நம்பாதீங்க.

பெட்ரோலைப் பத்திக் கவலைப்படுறவங்க நிறைய. ரெண்டுக்கும் கம்பைன்டு (ஊரும் ஹைவேயும் சேர்த்த) மைலேஜ் காலன்ல ஒன்றிரண்டு மைல்தான் வித்தியாசம். வருஷம் 12,000 மைல், 21க்கும் 20க்கும் கணக்குப் போட்டா 29 காலன். அந்தக் காசுக்காக வண்டி அளவைத் தீர்மானிக்க வேண்டாம்.

கேட்டிக்காரர்

இருவருக்கும் நன்றி. படம் எடுத்துவிட்டேன். டக்கோமா 1,150. முதல் எஃப்-150 எக்ஸ்எல்டி 1,745. அதே எக்ஸ்எல்டி, பனோரமிக் ரூஃபும் மற்ற ஆப்ஷன்களும் சேர்த்தது, 1,480. டிரெய்லரைச் சின்னதாக்க மனைவிக்கு விருப்பமில்லை, பிள்ளைகளுக்குத் தனி அடுக்குப் படுக்கை வேண்டும் என்கிறார். கராஜை அளந்தேன், 20 அடி 4 அங்குலம், ஓரத்தில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்குவதையும் பார்க்கவேண்டும்.

சுமைக்கணக்கு

இனிமேல் பேச்சே இல்லை. டக்கோமாவில் நாலு பேரோடேயே 410 பவுண்டு அதிகம். ரூஃப் வைத்த எஃப்-150இலும் 80 அதிகம். ஃபுல்சைஸ் என்ற பெயருக்காக அதை வாங்கினால் அதே சிக்கலில்தான் மாட்டுவீர்கள். 1,745 உள்ள வண்டியில் நாலு பேருக்கு 185 மிச்சம், அம்மாவோடு 55. இறுக்கம்தான், ஆனால் கணக்குக்குள் இருக்கிறது. 55 மிச்சம் வரும் பயணத்தில் விறகை முகாமிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர்த் தொட்டியையும் காலியாக வைத்துப் போங்கள். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 30 காலன் தொட்டியில் 250 பவுண்டு இருக்கிறது.

அம்மா விஷயத்திலும் பெரிய வண்டிக்கே என் ஓட்டு. எஃப்-150 சூப்பர்க்ரூ பின்சீட்டில் கால் நீட்ட 43.6 அங்குலம், டக்கோமாவில் 33.7. மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து பத்து மணி நேரம் போகும்போது இந்தப் பத்து அங்குலம் நன்றாகத் தெரியும். ஏறும் உயரத்துக்கு ரன்னிங் போர்டு போடுங்கள், அதன் எடையையும் 55இல் கழித்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் இவை உண்டா என்று பார்த்துவிடுங்கள்: வண்டியோடு வரும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் (டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் கருவி), டிரெய்லருக்கு மின்சாரம் போகும் ஏழு முள் பிளக், ஹிட்ச் ரிசீவர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ரிசீவர் ஸ்டிக்கரில் இரண்டு வரி எண்கள் இருக்கும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் இல்லாமல் ஒன்று, அதோடு ஒன்று. பல எஃப்-150களில் முதல் வரி 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு டங். உங்கள் டிரெய்லர் இரண்டையும் தாண்டுகிறது, ஆகவே வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம். டெக்சஸில் 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் இருக்கவேண்டும் என்பது சட்டம், இந்த டிரெய்லரில் அது இருக்கும், வேலை செய்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

பின்வண்டி

வண்டி முடிவானதால் ஹிட்ச் வேலைக்கு வருகிறேன். நல்ல டிரக் வாங்கிவிட்டு இதில் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம்.

சமதளத்தில் டிரக்கை நிறுத்தி, குடும்பச் சாமான் எல்லாம் ஏற்றி, டிரெய்லர் மாட்டாமல் முன்சக்கரத்து வளைவின் உச்சிக்கும் தரைக்கும் இடையே அளந்து எழுதுங்கள். 37 அங்குலம் என்று வைப்போம். டிரெய்லரை ஹிட்ச் குண்டில் இறக்கி, ஸ்பிரிங் பார் (எடையைப் பகிரும் கம்பி) மாட்டாமல் மறுபடி அளந்தால் முன்பக்கம் தூக்கியிருக்கும், 38 என்று வைப்போம். இப்போது பார்களை மாட்டி இறுக்குங்கள். தூக்கிய ஓர் அங்குலத்தில் பாதி இறங்கி 37.5க்கு வந்தால் ஃபோர்டு சொல்லும் அளவு. 37க்கும் கீழே போகும்வரை இறுக்காதீர்கள், பின்சக்கரம் லேசாகி ஈர ரோட்டில் வழுக்கும். இறுக்காமல் விட்டால் ஸ்டீயரிங் லேசாகி, எதிரே வரும் வண்டிக்காரர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் டிரெய்லர் சமமாக, அல்லது மூக்கு இம்மியளவு தாழ்ந்து நிற்கவேண்டும். மூக்கு தூக்கி நின்றால் வால் ஆடத் தொடங்கும், ஹிட்ச் ஹெட்டை ஒரு துளை கீழே மாற்றுங்கள்.

அடுத்தது எடை மேடை. ஹைவே ஓரத்து டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும், ஆக்சில் வாரியாக எடை போட்ட சீட்டு தருவார்கள். மூன்று தடவை ஏறுங்கள்: பார் மாட்டியபடி, பார் கழற்றி, டிரெய்லரை விட்டுவிட்டு டிரக் மட்டும். மூன்றிலும் ஆட்களும் சாமான்களும் அப்படியே இருக்கட்டும். இரண்டாவது சீட்டில் டிரக்கின் முன், பின் ஆக்சில்களைக் கூட்டி மூன்றாவது சீட்டின் டிரக் எடையைக் கழித்தால் உண்மையான டங் வெயிட் கிடைக்கும். முதல் சீட்டில் டிரக்கின் இரண்டு ஆக்சில் கூட்டுத்தொகை ஜிவிடபிள்யூஆருக்குள்ளும், பின் ஆக்சில் எடை கதவுத்தூணில் போட்டிருக்கும் பின் ஆக்சில் வரம்புக்குள்ளும் இருக்கவேண்டும். டங் அதிகமாக வந்தால் டிரெய்லரின் முன் பெட்டியில் இருப்பதை ஆக்சிலுக்கு நேர் மேலே மாற்றுங்கள். ஆகப் பின்னால் தள்ளி டங் வெயிட்டை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோனால் லாரி ஒன்று கடந்து போகும் காற்றிலேயே டிரெய்லர் ஆடும்.

பிரேக் கெயினை (டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கவேண்டும் என்ற அளவு) ஆளில்லாத காலி இடத்தில் 25 மைல் வேகத்தில், கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்தி அமையுங்கள். டிரெய்லர் சக்கரம் லாக் ஆகும்வரை கூட்டி, அங்கிருந்து ஒரு படி குறைக்கவேண்டும்.

கொலராடோவுக்கு நியூ மெக்சிகோ வழியாகப் போனால் ஐ-25இல் ராட்டன் பாஸ் 7,834 அடி. ஏற்றத்தில் டர்போ எஞ்சினுக்குச் சிரமம் இல்லை, கவனம் இறக்கத்தில். டோ-ஹால் மோடை (இழுவைக்கான கியர் அமைப்பு) போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே வந்தால் தட்டு சூடேறிப் பிடிப்பு போய்விடும். நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள்.

டிரெய்லர் டயர் எஸ்டி (ஸ்பெஷல் டிரெய்லர்) வகையாக இருக்கும். பக்கச் சுவரில் போட்டிருக்கும் முழு அழுத்தத்தையும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். பல எஸ்டி டயர்களுக்கு வேக வரம்பு 65 மைல், மேற்கு டெக்சஸ் ரோட்டில் 80 என்று பலகை இருந்தாலும் அது உங்களுக்கில்லை. இழுக்கும்போது மைலேஜ் 10 பக்கம் இறங்கும். 26 காலன் டேங்க் 260 மைல் ஓடும், ஆனால் 180க்குள் பெட்ரோல் பங்க் பார்த்துவிடுங்கள். டிரெய்லரோடு உள்ளே நுழைந்து வெளியே வர வசதியான பங்க் அந்தப் பக்கம் வெகு தூரத்துக்கு ஒன்றுதான்.